விருந்தளிக்கும் உரிமை

சாவடி என்றதும் இன்று நம் நினைவுக்கு வருவது சுங்கச்சாவடிதான். பணம் செலுத்தினாலன்றித் தடுப்புக் கட்டை உயராது. பழைய வழக்கிலோ சாவடி என்பது வழிப்போக்கர் வண்டியை அவிழ்த்துவிட்டுத் திண்ணையில் தலைசாய்க்கும் இடம். வந்தவரின் ஊரைக் கேட்காத சாவடிகள் இருந்தன. சாதியைக் கேட்ட சாவடிகளும் இருந்தன, அதை மறைப்பதற்கில்லை. அத்தகைய பெயரைத் தாங்கிப் பூவிருந்தவல்லி நெடுஞ்சாலையில் நிற்கும் வேலப்பன்சாவடியில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி, சில ஆண்டுகளாக நம் மனத்தை விட்டு அகலாமல் இருக்கிறது.

அங்கே இரண்டு அறைகள் கொண்ட வாடகை வீட்டில் வாழும் ஒரு குடும்பத்தின் மகள் செவிலியர். தன்னார்வக் குழு ஒன்று இளம் பணியாளர் ஐவரைத் தேர்ந்து, ஐரோப்பிய நாடு ஒன்றுக்கு ஒரு மாதப் பரிமாற்றப் பயணமாக அனுப்பியபோது அவரும் சென்றார். விடுதியில் அன்று, அந்நாட்டுக் குடும்பங்களின் இல்லங்களிலேயே தங்கினார். ஓர் இல்லத்தில் முதியவர் ஒருவர் தம் படுக்கையை இவருக்குக் கொடுத்துவிட்டுக் கூடத்து நாற்காலியில் உறங்கினாராம். திரும்பி வந்தபின், பங்கு இளைஞர் கூட்டத்தில் அவர் பேசியது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது. அங்குள்ள முதியோர் இல்லத்தின் கருவிகளைப் பற்றி அவர் அதிகம் சொல்லவில்லை. நோயாளியின் அறைக்குள் நுழையுமுன் செவிலியர் கதவைத் தட்டுவதையும், "எப்போது குளிக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்பதையுமே வியந்து சொன்னார். "நாம் யாரையும் கேட்பதில்லையே" என்றார்.

இத்தகைய பயணங்களுக்கு ஓர் எடுத்துக்காட்டு ரோட்டரி அறக்கட்டளை 1965-இல் தொடங்கிய குழு ஆய்வுப் பரிமாற்றத் திட்டம். ரோட்டரி உறுப்பினர் அல்லாத இளம் தொழிலர் சிலர், உறுப்பினர் ஒருவரின் தலைமையில் நான்கு முதல் ஆறு வாரம் வேற்று நாட்டில் தங்குவர். விமானச் செலவை அறக்கட்டளை ஏற்கும். உணவும் உறைவிடமும் அங்குள்ள உறுப்பினர் இல்லங்களில். பின்னர் அந்நாட்டுக் குழு இங்கே வரும். போக்கும் வரவுமாக அமைந்ததால்தான் அது பரிமாற்றம் எனப்பட்டது. 2013-இல் அத்திட்டம் நிறைவுற்று, தொழிற்பயிற்சிக் குழுக்கள் என்னும் வேறு வடிவம் அதன் இடத்துக்கு வந்தது. குருக்கள் ரோட்டரியில் உறுப்பினராகலாகாது என்று உரோமை 1951-இல் ஆணை வெளியிட்டதையும், 1979-இல் உரோமையில் கூடிய ரோட்டரி உலக மாநாட்டினரைத் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் வரவேற்றுப் பேசியதையும் சேர்த்து நினைக்கையில், திரு அவையும் ஒருவகையில் பயணம் செய்துதான் கற்றுக்கொள்கிறது என்று தோன்றுகிறது.

நம் செவிலியரை அனுப்பியது ரோட்டரி அன்று, வேறொரு குழு. பெயர் இங்கே தேவையில்லை. மறு ஆண்டில் அந்த நாட்டிலிருந்து ஐவர் சென்னைக்கு வருவதாயிற்று. யார் யார் இல்லங்களில் தங்க வைப்பது என்ற பேச்சு எழுந்தது. பொறுப்பாளர் ஒருவர் நம்மிடம் வந்து, "அந்தப் பெண்ணின் வீடு எப்படி?" என்று விசாரித்தார். நாம் அவ்வீட்டை மந்திரிப்பதற்குச் சென்றவர்கள். நான்கு குடித்தனங்களுக்கு ஒரே கழிப்பறை என்பதும், மழை பெய்தால் தெருவில் நீர் நிற்கும் என்பதும் நமக்குத் தெரியும். "அவர்களுக்குச் சிரமமாக இருக்குமே" என்றோம். அவ்வளவுதான். விருந்தினர் ஐவரும் அண்ணா நகர்ப் பக்கம் பெரிய வீடுகளில் தங்கினர், வேலப்பன்சாவடிக்கு வரவேயில்லை. வழியனுப்பு விழாவில் செவிலியரின் தாயார் கடைசி வரிசையில் அமர்ந்திருந்தார். கையில் ஒரு பை. அதில் முறுக்கு இருந்தது என்று பிறகு அறிந்தோம்.

நாம் சொன்னது பொய்யன்று. கெட்ட எண்ணமும் இல்லை. ஏழைக்குச் செலவு வைக்கலாகாது என்னும் இரக்கமே நம்மைப் பேச வைத்தது. ஆயினும், பிறர் வீட்டில் ஒரு மாதம் உண்ட மகளுக்கு, பதிலுக்கு ஒருவேளை உணவளிக்கும் வாய்ப்பை அந்த இரக்கம் பறித்துவிட்டது. பெறுவதற்கு மட்டும் தகுதியுள்ளவர், கொடுப்பதற்குத் தகுதியற்றவர் என்று ஒருவரைப் பற்றி நாம் முடிவு செய்ய முடியுமா? விருந்தோம்பலை இல்லறத்தாரின் கடமை என்று கற்பிக்கிறோம். வள்ளுவரும் அதற்குத் தனி அதிகாரம் வகுத்தார். கடமை என்றால் அதை நிறைவேற்றும் உரிமையும் உடன் வரவேண்டுமல்லவா? இல்லறத்தான் என்பதற்கு இத்தனை அறைகள் இருக்கவேண்டும் என்ற இலக்கணத்தை யாரும் எழுதவில்லை.

திருத்தூதர் பணிகள் நூலில், செசரியாவிலிருந்து கொர்னேலியு அனுப்பிய மூவர் யோப்பாவுக்கு வருகின்றனர். பிற இனத்தார். பேதுரு அவர்களை உள்ளே அழைத்துத் தங்க வைக்கிறார். மறுநாள் அவர்களுடன் புறப்பட்டுப் போய், கொர்னேலியுவின் இல்லத்தில் விருந்தினராகிறார். போக்கும் வரவும் அங்கே நிறைவாக உள்ளன. ஆனால் முதல் நாள் இரவு அம்மூவர் தங்கியது யார் வீட்டில்? பேதுருவுக்கு யோப்பாவில் வீடு இல்லை. அது தோல் பதனிடும் சீமோனின் வீடு. பச்சைத் தோலும் சுண்ணாம்பு நீரும் நாறும் தொழிலை யூதச் சமூகம் இழிவாகவே எண்ணியது. பல்லாவரம், குரோம்பேட்டைத் தோல் கிடங்குகளைக் கடந்து சென்றவர்களுக்கு அந்த வாடையை விளக்க வேண்டியதில்லை. உரோமைப் படைத் தலைவரின் தூதரை அங்கே தங்க வைக்கலாமா என்று யாரேனும் நம்மிடம் கேட்டிருந்தால், "சிரமமாக இருக்குமே" என்றுதான் சொல்லியிருப்போம்! பேதுரு எருசலேம் திரும்பியதும் எழுந்த குற்றச்சாட்டையும் கவனிக்க வேண்டும். விருத்தசேதனம் பெறாதவரிடம் அவர் போனதும் அவரோடு உண்டதுமே குறையாகச் சொல்லப்பட்டன. அங்கே அவர் என்ன போதித்தார் என்று முதலில் யாரும் கேட்கவில்லை.

நம் மண்ணின் மறைபரப்பு வரலாற்றிலும் இந்தச் சிக்கல் உண்டு. 1606-இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி, காவி உடுத்து, புலால் நீக்கி, தமிழும் வடமொழியும் கற்று, விருந்தினராக வாழ்வது எப்படி என்பதைக் காட்டியவர். அவருடைய புலமையையும் துணிவையும் நாம் வணங்குகிறோம். ஆயினும் மேல்சாதியார் அவரை ஏற்பதற்கு, முன்னரே மதுரையில் இருந்த தம் உடன்குருவிடமிருந்தும் பரவர் கிறிஸ்தவரிடமிருந்தும் அவர் விலகி வாழ நேர்ந்தது. ஒரு வாசல் திறக்க இன்னொரு வாசலை அடைக்க வேண்டியிருந்தது. அக்காலத்தை இக்காலத்து அளவுகோலால் அளப்பது எளிது; நம் அன்பியக் கூட்டங்கள் எந்த வீடுகளில் கூடுகின்றன, எந்த வீடுகளில் ஒருமுறையும் கூடியதில்லை என்று எண்ணிப் பார்ப்பதுதான் கடினம்.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ஏழையிடம் விருந்து எதிர்பார்ப்பது சுரண்டலாகாதா? ஆகும். கைம்பெண்களின் வீடுகளை விழுங்குவோரை ஆண்டவர் கடிந்துகொண்ட உடனேயே, இரண்டு காசு போட்ட ஏழைக் கைம்பெண்ணின் காட்சி மாற்கு நற்செய்தியில் வருகிறது. அக்காட்சியில் புகழ்ச்சியைப் போலவே வருத்தமும் இருக்கிறது என்போர் உளர். ஆனால் எலியாவை நினைப்போம். அயல்நாடாகிய சாரிபாத்தில், பஞ்ச காலத்தில், விறகு பொறுக்கும் கைம்பெண்ணிடம் அவர் தண்ணீர் கேட்டார். பிறகு அப்பமும் கேட்டார். எவ்வளவு மாவு, எவ்வளவு எண்ணெய் மீதி என்பதை அந்தப் பெண்ணே சொன்னார். அவர் சார்பில் வேறு எவரும் கணக்குப் பார்க்கவில்லை. வற்புறுத்திப் பெறுவது ஒன்று. கேட்காமலே ஒதுக்குவது மற்றொன்று. இரண்டிலும் ஏழையின் வாய் மூடப்பட்டிருக்கிறது.

பிறிதொரு நாள், மனம் உறுத்தவே, அவ்வீட்டுக்குச் சென்று நடந்ததைச் சொன்னோம். அத்தாயார் சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "எங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சாமி. ராத்திரி தங்க வேண்டாம், கக்கூசு வசதி இல்லைன்னு நாங்களே சொல்லியிருப்போம். மத்தியானம் ஒருவேளை சாப்பாட்டுக்கு அனுப்புங்கன்னு கேட்டிருப்போம். அந்தப் பெரியவர் எம்பொண்ணுக்குத் தன் கட்டிலைக் கொடுத்தாரே, அவங்க ஊர்க்காரங்களுக்கு ஒரு இலை போட மாட்டேனா?"

எதிர்ச் சுவரில் அந்த முதியவரின் நிழற்படம், சட்டமிட்டு, திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருந்தது. அடுத்த குழு எப்போது வரும் என்று அவர் கேட்டார். அந்தத் தன்னார்வக் குழு அதன்பின் யாரையும் அழைத்து வரவில்லை. அதைச் சொன்னோம். "சரி, நீங்க சாப்பிட்டுப் போங்க" என்று கூறி அடுப்பை மூட்டச் சென்றார்.