மந்திரமா, மூச்சா?

சுந்தரர் பிறந்த ஊரெனப் போற்றப்படும் திருநாவலூரில், யோகம் பயிலும் என் மாணவன் ஒருவன் கேட்டான்: “ஐயா, மந்திரம் ஓதினால் மனம் அமைதியுறுகிறதே, அதுவும் பொய்தானா?”

பொய்யன்று தம்பி! அமைதி தந்தது எது என்பதே கேள்வி.

2001ஆம் ஆண்டில் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டி குழுவினர், 23 பேரை ஆராய்ந்து முடிவை வெளியிட்டனர். ‘ஓம் மணி பத்மே ஹூம்’ ஓதினாலும், இலத்தீனில் மரியாள் செபம் சொன்னாலும், மூச்சு நிமிடத்துக்கு ஏறக்குறைய 6 ஆகக் குறைந்தது; குருதியழுத்தத்தைச் சீராக்கும் உடலியக்கம் கூர்மையுற்றது. ஒன்று பௌத்தம், மற்றொன்று கிறித்தவம், பயனோ ஒன்றே! அவ்வாறாயின் தேவமொழி எது, நீசமொழி எது? பிறப்புப் பார்த்து மந்திரத்தை மறைத்தார்களே, மூச்சை மறைக்க இயன்றதா? மூச்சடக்கும் முறையைத் தமிழிலேயே பாடிய திருமூலரின் நூலுக்குத் திருமந்திரம் என்றன்றோ பெயர்!

மறுநாள் அவன், பத்து நொடிக்கு ஒரு மூச்சாக, ஆத்திசூடி ஓதிக்கொண்டிருந்தான்.