படி யார் போட்டது?

மலை இயற்கை. படி இயற்கையல்ல, மனுசன் கட்டினது. யாருடைய உடம்பை மனசில் வைத்துக் கட்டினான் என்பதும் அதில் சேர்ந்தே இருக்கிறது. ஊர் வேறு, சேரி வேறு என்று பிரித்துக் கட்டப்பட்ட இடத்திலிருந்து வருகிற நமக்கு இந்தக் கணக்கு புதுசில்லை. சாதியும் உடல் ஊனமும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. நம்மை நிறுத்துகிறவன் 'தீட்டு' என்கிறான். நடக்க முடியாதவரை நிறுத்துகிறவன் 'பாவம்' என்கிறான். ரெண்டு பேரும் நிற்பது வாசலுக்கு வெளியேதான். ரெண்டும் ஒரே உடம்பில் சேர்ந்தால்?

சென்னையின் ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டவர்களில் தலித் மக்களே அதிகம். பெரும்பாக்கத்தில் அவர்களுக்குக் கட்டியவை தரைத்தளமும் அதன்மேல் 7 மாடியும். குடிசையில் ஒரு வசதியும் கிடையாது. ஆனால் தவழ்ந்தாவது தெருவுக்கு வந்துவிடலாம். ஏழாவது மாடியில் லிஃப்ட் நின்றுபோனால் தெருவே இல்லை.

சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் வீட்டு ஒதுக்கீட்டில் 5 விழுக்காடு தருகிறது. அணுகல் விதிகளுக்கு ஒத்துவராத கட்டட வரைபடத்துக்கு அனுமதியே தரக்கூடாது என்கிறது அதன் 44ஆம் பிரிவு. ஆனால் அந்த விதிகள் வெறும் பரிந்துரையாகவே கிடந்தன. அது சட்டத்துக்கே முரண், கட்டாய விதிகளை வகுக்க வேண்டும் என்று ராஜீவ் ரதூரி வழக்கில் உச்சநீதிமன்றம் சொன்னது 2024 நவம்பரில். வழக்குப் போட்டது 2005இல்.

'கீழ்த்தளத்துல ஒரு வீடு குடுத்தாச்சே, இன்னும் என்ன?' என்று கேட்கிறார்கள். கேள்வியே இங்குதான் தொடங்குகிறது. சர்க்கரை நோயில் ஒரு காலை இழந்த என் பெரியம்மாவுக்கும் கீழ்வீடுதான் கிடைத்தது. நாப்பது வருசம் கூடவே வேலைக்குப் போன சிநேகிதி மூணாவது மாடியில் செத்துப்போனப்ப, பெரியம்மா படிக்கட்டு அடியில் உக்காந்து மேலே பாத்து ஒப்பாரி வச்சாங்க. பொணத்தைக் கீழே இறக்கின பிறகுதான் முகம் பாத்தாங்க. அவங்களுக்கு வீடு இருந்தது. சாவு வீட்டுக்குப் போக வழிதான் இல்லை.

அமெரிக்காவில் 1988இல் திருத்தப்பட்ட வீட்டுரிமைச் சட்டத்தின்படி, 4 அல்லது அதற்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட புதுக் கட்டடங்களில், பின்னால் கைப்பிடி பொருத்தத் தோதாகக் குளியலறைச் சுவரை முன்கூட்டியே வலுவாகக் கட்ட வேண்டும். யார் குடிவருவார், யாருக்கு எப்போது கால் தளரும் என்று கேட்காமலே அந்தச் சுவர் தயாராக நிற்கிறது. இரக்கத்துக்கும் நீதிக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். இரக்கம் ஆளைப் பார்த்த பிறகு வரும். நீதி ஆள் வருமுன்பே அங்கே இருக்கும். ஆனால் லிஃப்ட் இல்லாத கட்டடமென்றால் அந்தச் சட்டமும் கீழ்த்தளத்தோடு நின்றுவிடுகிறது.

செலவு என்பார்கள். ஒன்றுக்குப் பன்னிரண்டு என்பது சாய்தளக் கணக்கு. ஒன்றரை அடி உயர வாசலுக்குப் பதினெட்டு அடி. வரைபடத்தில் அது ஒரு கோடு. கட்டி முடித்தபிறகு கேட்டால்தான் இடிப்பும் செலவும்.

ஒதுக்கீடு ஒரு வீட்டைத் தரும். அக்கம்பக்கத்தைத் தராது. அடுத்தவர் வாசலுக்குப் போகும் உரிமைக்காகத் தலைமுறை தலைமுறையாகப் போராடியவர்கள் நாம். நமக்கென்று கட்டுகிற கட்டடத்தில் அந்த உரிமையைக் கேட்காமல் வேறு எங்கே கேட்பது?