கத்தாத பெல்ட்

உங்களிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. விற்கப் போகிறீர்கள். அதில் ஒரு பெரிய செலவு காத்திருப்பது உங்களுக்குத் தெரியும். வாங்க வருகிறவருக்குத் தெரியாது. அவர் கேட்கவும் இல்லை. சொல்வீர்களா?

'நிச்சயமா சொல்வேன்' என்று அவசரப்படாதீர்கள். நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பன்னிரண்டு வயசான என் காரை போன வருஷம் விற்க முடிவு செய்தேன். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் பூனை வாலை மிதித்த மாதிரி 'கீச்' என்று ஒரு சத்தம். மெக்கானிக் பானெட்டைத் திறந்து ஃபேன் பெல்ட்டைத் திருப்பிக் காட்டினார். உள்பக்கமெல்லாம் வெடிப்பு. "மாத்திடுங்க சார், சில நூறு ரூபாதான். வர்றவன் காதுல சத்தம் விழக்கூடாது பாருங்க."

"டைமிங் பெல்ட்?" என்றேன்.

"அதுவும் மாத்த வேண்டியதுதான். சில ஆயிரம் ஆகும். விக்கற வண்டிக்கு எதுக்கு சார்? அது கத்தாது."

ஃபேன் பெல்ட் அறுந்தால் பேட்டரி சார்ஜ் ஏறாது, சில வண்டிகளில் இன்ஜின் சூடாகும், ஓரங்கட்டிவிடலாம். டைமிங் பெல்ட் அப்படியில்லை. கவருக்குள் உட்கார்ந்துகொண்டு, பிஸ்டன் ஏறி இறங்குவதற்கும் வால்வு திறந்து மூடுவதற்கும் தாளம் தப்பாமல் பார்த்துக்கொள்கிற, பல் வைத்த ரப்பர் பட்டை அது. பல கார்களில் 60,000லிருந்து 1,00,000 கிலோமீட்டருக்குள் மாற்றச் சொல்வார்கள். பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் அறும். பல இன்ஜின்களில் அறுந்த கணமே பிஸ்டன் போய் வால்வில் மோதும். வண்டி நடுரோட்டில் நிற்கும். இன்ஜினைப் பிரிக்க வேண்டும்.

சத்தம் போட்ட பெல்ட்டை மாற்றினேன். போடாததை விட்டுவிட்டேன்.

பி.காம். படித்த பாவம், மெர்க்கன்டைல் லா வகுப்பு ஞாபகத்துக்கு வந்தது. 1872ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ம் பிரிவு. அதில் ஒரு குதிரை உதாரணம் உண்டு. குதிரையிடம் குறை இருப்பது தெரிந்தே ஒருவர் ஏலத்தில் விற்கிறார், வாயைத் திறக்கவில்லை. அது மோசடி ஆகாது என்கிறது சட்டம். அப்பாடா! ஆனால் அடுத்த உதாரணத்தில், வாங்குவது அவருடைய மகள், இப்போதுதான் மேஜரானவள். அப்போது சொல்லியே ஆக வேண்டுமாம். குதிரை அதே குதிரைதான். வாங்குகிற ஆள்தான் வேறு.

மனைவி, கைக்குழந்தையோடு ஒரு இளைஞர் வந்தார். டயரைத் தட்டினார். ஏசியைப் போட்டுப் பார்த்தார். "இன்ஜின் சத்தமே இல்லைண்ணா" என்று சந்தோஷப்பட்டார். அந்த 'அண்ணா' என்னை என்னவோ செய்தது. சொல்லிவிட்டேன். விலையில் கழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன்.

நெகிழ்ந்துபோயிருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? "இதையே சொல்றார்னா, சொல்லாதது இன்னும் எவ்வளவு இருக்கோ" என்று மனைவி அவரிடம் முணுமுணுத்தது எனக்கும் கேட்டது. போனவர் திரும்பவில்லை.

கடைசியில் வண்டி ஒரு புரோக்கரிடம் போனது. அவரிடமும் சொன்னேன். "நாங்க பாத்துக்கறோம் சார்" என்று சிரித்தார். பார்த்தாரா, அடுத்தவரிடம் சொன்னாரா, தெரியாது. நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் பிடிக்காமல் போய்விடுமோ என்ற பயம்தான், வேறென்ன!

ஒரு மாதம் கழித்து சிக்னலில் அதே காரைப் பார்த்தேன். பின் சீட்டில் யூனிஃபார்மில் இரண்டு குழந்தைகள். இறங்கிப் போய் கண்ணாடியைத் தட்டலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே பச்சை விழுந்துவிட்டது.