எதுவும் நடக்காத நாள்

'மென் இன் பிளாக்' (1997) படம் பார்த்திருப்பீர்கள். கறுப்பு கோட் ஆசாமிகள் வேற்றுக்கிரக ஜந்துக்களிடமிருந்து உலகத்தைக் காப்பாற்றுவார்கள். அப்புறம் பளிச்சென்று ஒரு வெளிச்சம். பார்த்தவர்களுக்கு எல்லாம் மறந்துபோகும். நன்றி சொல்லக்கூட ஆள் இருக்காது.

நம் கிராமங்களில் இந்த டிபார்ட்மென்ட் அய்யனாருடையது. ராத்திரியில் குதிரை ஏறி ஊர் எல்லையைச் சுற்றுகிறார். அவர் விரட்டிய பேயை யாரும் பார்த்ததில்லை. ஆனாலும் பொங்கல் வைக்கிறோம், மண் குதிரை செய்து நிறுத்துகிறோம். எதற்கு? 'ஒண்ணும் நடக்கலையே, அதுக்குத்தான்!'

இப்போது ஒரகடம் பக்கம் வாருங்கள். கார் பாகங்களுக்காகத் தகடு அழுத்தும் பிரஸ் மெஷின், பல நூறு டன் விசையோடு இறங்கும். அதன் முன்னால் கண்ணுக்குத் தெரியாத ஒளித்திரை. கை குறுக்கே போனால் மெஷின் நின்றுவிடும். நின்றால் உற்பத்தி குறையும். 'சார், இதை ஆஃப் பண்ணிட்டா டார்கெட் முடிச்சிடலாம்' என்று யாராவது சொல்லக்கூடும். 'முடியாது' என்கிற சூப்பர்வைசருக்கு என்ன கிடைக்கும்? திட்டுதான். குறைந்த பீஸ்களை எண்ணலாம். தப்பித்த விரல்களை எப்படி எண்ணுவது?

எண்ண முடிவது பூதம் வந்துபோன பிறகுதான். 1984-ல் போபால் விஷவாயு ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. அதன் பிறகு, 1987-ல் தொழிற்சாலைச் சட்டத்தைத் திருத்தி, ஆபத்தான ஆலைகளில் தொழிலாளர்களும் சரிசமமாக உட்காரும் பாதுகாப்புக் குழுவைக் கட்டாயமாக்கினார்கள்.

பூதத்தைக் கொன்றவருக்கு மாலை போடுகிறோம். வரவே விடாதவருக்கு?

உங்கள் வீட்டிலும் ஷிப்ட் முடிந்து பத்து விரலோடு திரும்புகிறவர் இருக்கலாம். ஒருநாள் கேட்டுப் பாருங்கள்: 'உங்க லைன்ல முடியாதுன்னு சொல்றது யாரு?'