ஆட்டத்திலிருந்து விடைபெறுதல்

உழைப்பிலிருந்து மனிதன் ஓய்வு பெறுவதைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். விளையாட்டிலிருந்து அவன் ஓய்வு பெறுவதைப் பற்றிப் பேசுவோர் அரியர். ஊதியமும் பரிசும் இன்றி, மாலைப்பொழுதின் மகிழ்ச்சிக்காக மட்டுமே ஆடப்படும் ஆட்டத்தை விட்டு ஒருவன் எப்போது விலக வேண்டும்? இதுவும் ஓர் அறப்பிரச்சினையே என்பது எமது கருத்து.

அல்டிமேட் பிரிஸ்பீ என்னும் ஆட்டத்தை எடுத்துக் கொள்வோம். 1968இல் அமெரிக்காவின் நியூஜேர்சி மாநிலத்து மேப்பிள்வூட் நகரில், கொலம்பியா உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் இதனைத் தோற்றுவித்தனர். அணிக்கு எழுவராக நின்று, 175 கிராம் எடையுள்ள வட்டத் தட்டை எறிந்தும் பிடித்தும் எதிரணியின் எல்லைக்குள் கொண்டு சேர்ப்பதே ஆட்டம். இதன் சிறப்பு யாதெனில், இதற்கு நடுவர் இல்லை. விதி மீறப்பட்டதா என்பதை ஆடுவோரே தம்முள் பேசித் தீர்ப்பர். உடன்பாடு ஏற்படாவிடின் தட்டு மீண்டும் எறிந்தவர் கைக்கே போகும். ஆணும் பெண்ணும் ஒரே அணியில் ஆடும் வழக்கமும் உண்டு. சென்னைக் கடற்கரையில் இவ்வாட்டம் வேரூன்றியிருக்கிறது. அங்குள்ள அணியொன்றைப் பற்றி 2015இல் வெளிவந்த குறும்படத்திற்கு, தட்டின் எடையே ‘175 கிராம்ஸ்’ எனப் பெயராயிற்று.

பிழையைத் தானே ஒப்புக்கொள்ளும் ஆட்டக்காரன், தன் காலம் முடிந்ததையும் தானே சொல்லியாக வேண்டும். தொழில்முறை வீரனைத் தெரிவுக்குழு விலக்கும், சந்தை கைவிடும். அப்படியிருந்தும் தாமே முடிவு செய்தவர்கள் உண்டு. 2010 யூலையில் முத்தையா முரளிதரன் காலியில் தமது இறுதி டெஸ்ட் போட்டியில் ஆடினார். 800 விக்கெட்டுகளுக்கு எட்டுக் குறைவாக இருந்தபோதே, இதுவே கடைசி என்று அறிவித்திருந்தார். எட்டும் கிடைத்தன. கிடைக்காமற் போயிருந்தாலும் அந்த முடிவின் மதிப்புக் குறைந்திராது.

‘மகிழ்ச்சிக்காக ஆடுபவன் ஏன் விலக வேண்டும்? முதுமை குற்றமா?’ என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அணியில் இடம் காலியாக இருக்குமாயின் எண்பது வயதிலும் ஆடட்டும். அதைத் தடுக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் எல்லைக்கோட்டுக்கு வெளியே ஓர் இளைஞனோ இளம்பெண்ணோ இடமின்றிக் காத்து நிற்கையில், அவ்வேழு இடங்களுள் ஒன்று எமது தனிச்சொத்தன்று. சங்கங்களிலும் கட்சிகளிலும் கதிரையை விடாத தலைவர்களைக் கண்டிக்கும் நாம், மைதானத்தில் அதே பிடிவாதத்தைப் பாராட்ட முடியாது.

நுரைச்சோலையில் வாழும் எமக்கு இக்கேள்வி இன்னொரு வகையிலும் அழுத்தமானது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுள் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்திலேயே தஞ்சம் புகுந்தனர். யாழ்ப்பாணத்தில் அவர்களுக்குக் கிடைத்த அவகாசம் இரண்டு மணிநேரம். அப்பெருந்துயரை ஒரு விளையாட்டோடு ஒப்பிடுவது எமது நோக்கமன்று. துரத்தப்படுதல் வேறு, விடைபெறுதல் வேறு என்பதை அம்மக்களே நன்கறிவர். நாளையும் இடத்தையும் தானே தெரிந்து, உடனிருந்தோரிடம் சொல்லிக்கொண்டு போக முடிவது மனித கண்ணியத்தின் ஒரு கூறு.

அந்தக் கண்ணியம் எல்லோர்க்கும் வாய்க்கவில்லை. இக்கரையின் மணற்பாங்கான தோட்டங்களில் வெங்காயம் கிண்டும் கூலியாளுக்கு ஓய்வூதியம் இல்லை. உடல் விழும்வரை உழைப்பதே விதி. எட்டு மணிநேர வேலைநாளைச் சர்வதேச தொழில் தாபனம் 1919இலேயே தன் முதலாவது உடன்படிக்கையாக்கியது. எனினும் நாட்கூலியாளின் மாலை இன்னமும் அவன் கையில் இல்லை. ஆட மாலைப்பொழுதே இல்லாதவனுக்கு ஆட்டத்திலிருந்து ஓய்வு ஏது? மாதச் சம்பளமும் ஓய்ந்த மாலையும் பெற்ற எம்போன்றோர், விளையாடியதே ஒரு சலுகை என்பதை மறத்தலாகாது.

ஆகவே இறுதி ஆட்டம் என்பது மாலையும் கைதட்டலும் வாங்கும் விழாவன்று. வென்றாலும் தோற்றாலும் எதிரணியின் கையைக் குலுக்கிவிட்டு, காத்திருக்கும் பிள்ளைக்கு இடம்விட வேண்டும். மறுநாள் மைதானத்துக்குப் போகலாம், எறியக் கற்றுக்கொடுக்கலாம், கோடு போடலாம். ஆட வராத பிள்ளைகள் ஏன் வரவில்லை என்று விசாரிக்கலாம். அவர்களுள் எத்தனை பேர் அவ்வேளையில் தோட்டத்திலோ கரைவலையிலோ நிற்கிறார்கள் என்பது அப்போது தெரியவரும். அம்மாலைகளை அவர்களுக்கு மீட்டுக் கொடுப்பது, ஓய்வுபெற்றவர்களுக்கு உரிய வேலை.