குத்துச்சண்டை: எந்தக் காலம் மேல்?

குத்துச்சண்டையில் பழைய காலமே சிறந்தது என்போர் முதலில் காட்டும் சான்று 15 சுற்றுப் போட்டிகள். 1975இல் மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேசியரும் 14 சுற்றுகள் மோதினர். ஃப்ரேசியரின் கண்கள் வீங்கி மூடிக்கொண்டதைக் கண்ட அவருடைய பயிற்சியாளர் எடி ஃபட்ச், அவர் மறுத்தும் கேளாமல், கடைசிச் சுற்றுக்கு அனுப்பவில்லை. தோல்வியை ஏற்ற அந்த முடிவே அப்போட்டியின் மிக உயர்ந்த அறச்செயல்.

வீரனே விரும்பி ஏற்கும் துன்பத்தைத் தடுக்கப் பிறருக்கு உரிமை உண்டா என்பதே இங்குள்ள கேள்வி. உண்டு, தலையில் அடிவாங்கித் தள்ளாடுபவரின் சம்மதம் தெளிந்த சம்மதம் அல்ல. 1982இல் லாஸ் வேகஸில் 14ஆம் சுற்றில் வீழ்ந்த தென்கொரிய வீரர் கிம் டுக்-கூ, கயிற்றைப் பிடித்து எழுந்தார். சில நாளில் இறந்தார். அதன்பின் பட்டப் போட்டிகள் படிப்படியாக 12 சுற்றுகளாகக் குறைந்தன.

இன்றைய குறைகளும் சிறியவை அல்ல. நான்கு பெரிய அமைப்புகள் தனித்தனியே பட்டம் வழங்குவதால், சிறந்த வீரர்கள் ஒருவரையொருவர் தவிர்க்க முடிகிறது. கையுறையோ இன்றும் கையைக் காக்கிறது, மூளையை அல்ல.

திறமையில் எக்காலம் மேல் என்பது தீராத வழக்கு. உயிரை மதிப்பதில் இக்காலமே மேல்.