எவ்வளவு போதும்?

மத்தியப் பிரதேசத்து அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். பணி ஓய்வு பெற்றவர். தினமும் பத்தாயிரம் அடிகள் நடப்பதை விரதம்போல் காத்து வருபவர். ஒருநாள் அவருடைய மனைவி காய்ச்சலில் படுத்திருந்தார். இரவு நேரம். எண்ணிக்கை நிறைவதற்காக இவர் கூடத்தில் நடந்துகொண்டிருந்தார். மனைவி தண்ணீர் கேட்டார். 'இன்னும் எண்ணூறு அடிதான்' என்றாராம் இவர். 'சுவாமிஜி, இது கட்டுப்பாடா, அல்லது வேறு ஏதாவதா?' என்பது அவருடைய கேள்வி.

கீதையின் ஆறாம் அத்தியாயத்தில், மனம் அடங்கிய நிலையை வர்ணிப்பதற்கு முன்பே உணவையும் உறக்கத்தையும் பற்றிப் பேசுகிறார் பகவான். மிகுதியாக உண்பவனுக்கும் யோகம் கைகூடாது, உண்ணாமலே இருப்பவனுக்கும் கைகூடாது; உறக்கத்திற்கும் இதுவே விதி. அடுத்த சுலோகத்தில் 'யுக்த' என்ற சொல் மூன்று முறை வருகிறது. பொருத்தமான என்பது அதன் பொருள். எத்தனை கவளம், எத்தனை நாழிகை என்று அவர் கூறவில்லை. இந்த இடத்திற்கு உரை எழுதும் சங்கரர், வயிற்றில் பாதி உணவுக்கு, கால் பங்கு நீருக்கு, எஞ்சியது காற்றின் போக்குவரத்துக்கு என்ற யோக நூல் மரபை எடுத்துக்காட்டுகிறார். கவனியுங்கள்: அவரவர் வயிறே அங்கு படி. பயில்வானின் பாதியும் நாளெல்லாம் உட்கார்ந்து மொழிபெயர்க்கும் என் போன்றவனின் பாதியும் ஒன்றாகா.

புத்தரின் சீடர் சோணர் ராஜகிருகத்திற்கு அருகே காலில் இரத்தம் வரும்வரை நடைத் தியானம் செய்தார். பலன் கிட்டாமல் துறவையே விட எண்ணினார். அவர் முன்பு வீணை வாசித்தவர். தந்தி மிக இறுகினாலும் மிகத் தளர்ந்தாலும் இசை பிறக்குமா என்று கேட்டார் புத்தர். சோணர் நடையை விட்டுவிடவில்லை, தந்தியைச் சரிசெய்துகொண்டார்.

பத்தாயிரம் என்ற எண் வேதவாக்கும் அல்ல. 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவி ஒன்றின் பெயரிலிருந்து பரவியது அது. 2019-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், சராசரியாக 72 வயதான பெண்களுள் நாளொன்றுக்குச் சுமார் 4,400 அடிகள் நடந்தவர்களிடையே, 2,700 அடிகள் நடந்தவர்களைவிட இறப்பு வெகுவாகக் குறைந்திருந்தது. ஏறத்தாழ 7,500 அடிகளுக்கு மேல் அந்தப் பயன் கூடவில்லை. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடங்கள் மிதமான உடலுழைப்பு என்கிறது உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். அவ்வளவு முடியாதவர்களுக்குச் சிறிதளவும் நன்மையே என்று அது சேர்த்துக் கூறுவதை நாம் ஏனோ படிப்பதில்லை.

இதைச் சோம்பலுக்குச் சான்றிதழாக எவரும் கொள்ளலாகாது. நீரிழிவு உள்ளவர் மருத்துவர் வகுத்த அளவை மீறிவிட்டு 'நடுவழி' என்று சொன்னால், அங்கே பேசுவது நாக்கு. புகையிலைக்கோ பொருத்தமான அளவு என்பதே கிடையாது.

அன்பருக்கு இவ்வளவையும் எழுதவில்லை. 'அந்த எண்ணூறு அடிகளில் சமையலறைக்கு எத்தனை அடி?' என்று மட்டும் கேட்டிருந்தேன். சென்ற வாரம் பதில் வந்தது. பன்னிரண்டாம். இப்போது மாலையில் மனைவியையும் அழைத்துக்கொண்டு நடக்கிறாராம். அம்மையார் மெதுவாகத்தான் நடப்பாராம். நடுவில் இருமுறை உட்கார வேண்டியிருக்கிறதாம்.